‘கொள்ளாம்’ என்பதோடு நின்றுவிடும் பேச்சு: குமரி மாவட்டத்தில் ஒரு படக் குழு, மூன்று படங்கள்

படம் எடுக்கப் பழகுபவருக்குப் பிறர் சொல்லும் கருத்து உதவுமா என்று கேட்டால், உதவும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கருத்து உதவியது, அதனால் அடுத்த படத்தில் என்ன மாறியது என்று கேட்டுப் பார்த்தால் பலருக்குப் பதில் வராது. நாகர்கோவில் வட்டாரத்தில் ஏழு பேர் கொண்ட சிறு குழு ஒன்றில், பழகுநர் ஒருவர் டிசம்பர் முதல் மார்ச் வரை முன்வைத்த மூன்று படங்களை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். கையில் இருந்தது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸும். குழுவில் கல்யாண வீட்டுப் படம் எடுப்பவர்கள் இருவர், ஓர் ஆசிரியர், மாணவர்கள் இருவர், பழகுநர், அவரோடு கேமராவே இல்லாத மூத்தவர் ஒருவர். அந்த மூத்தவர் பல வருடம் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுத்தவர்; உறவுக்காரப் பையனோடு வந்து உட்கார்ந்தவர் அப்படியே குழுவில் ஒருவராகிவிட்டார்.

நான்கு மாதக் குறிப்பேட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பழகுநரைத் திரும்பவும் அதே இடத்துக்குப் போக வைத்த கருத்துகள் அவரை வளர்த்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த கருத்துகள் அந்த ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் மெருகேற்றின. ‘கொள்ளாம்’ (நன்றாயிருக்கிறது) போன்ற பாராட்டுகளால் எதுவும் மாறவில்லை.

படத்தைச் சபையில் வைத்துப் பேசுவது புதிய வழக்கமும் அல்ல. 1850களிலேயே பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் இருந்தன. உறுப்பினர்கள் படங்களைக் கொண்டுவந்து காட்டிப் பேசினார்கள். கருவி எத்தனையோ முறை மாறிவிட்டது. பேச்சு எதைத் தொட வேண்டும் என்ற கேள்வி மட்டும் அன்றுபோலவே இருக்கிறது.

எப்படிக் காட்டினார்கள்

வாரத்துக்கு ஒருவர் ஒரு படம். கூட மூன்று வரி: என்ன காட்ட நினைத்தேன், என்ன அமைப்பில் எடுத்தேன், எது தடுத்தது. இவற்றோடு வெட்டாத மூலப் படமும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் பதினைந்து படங்களும். கடைசியாகச் சொன்னதைத்தான் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. ஃபிலிம் காலத்தில் கான்டாக்ட் ஷீட் என்று ஒன்று உண்டு. ஒரு ரோலில் எடுத்த அத்தனை படங்களும் ஒரே தாளில் சிறிதாக அச்சாகியிருக்கும். எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எப்போது பொறுமை இழந்தார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்த ஒற்றைப் படத்தில் விளைவு மட்டுமே தெரியும். அதை வைத்துக்கொண்டு பழக்கத்தைத் திருத்த முடியாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும்; நுண்விவரம் அழியும், இருண்ட பகுதிகளில் கட்டம் கட்டமாக அழுக்குத் தெரியும். அப்படி வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து “ஷார்ப்பா இல்லையே” என்று சொன்ன கருத்துகளை முதல் மாதத்தில் முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. பிறகு டாக்குமென்டாக அனுப்புவது என்று வைத்துக்கொண்டார்கள். “இருட்டா இருக்கு” என்ற கருத்துக்கும் இதே நிலைதான். வெயிலில் நின்று போனில் பார்த்தவருக்கு இருட்டாகத் தெரிந்த படம், இரவில் முழு வெளிச்சத் திரையில் பார்த்தவருக்கு வெளுத்துத் தெரிந்தது. வெளிச்சம் பற்றிப் பேசுபவர், படத்தின் இருள்-வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைக் காட்டிப் பேச வேண்டும் என்று முடிவான பிறகுதான் அந்தத் தகராறு ஓய்ந்தது.

முதல் படம்: முக்கடலில் சூரியன்

டிசம்பர் இறுதி, காலை 6.30 மணி தாண்டிய நேரம். கன்னியாகுமரிக் கரையில் நின்று 18 மி.மீ.யில், எஃப் 22 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்), 1/8 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, கையில் பிடித்து எடுத்த படம். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, வானம், கடல் எல்லாம் இருக்கின்றன. சூரியன் ஒரு புள்ளி.

வந்த முதல் நான்கு கருத்துகளும் “கொள்ளாம்”, “அருமை”, “கலர் கொஞ்சம் ஏத்து மக்கா”, “ட்ரைபாட் வாங்கு” என்ற வகை. ட்ரைபாட் யோசனையில் பாதி உண்மை இருந்தது. 1/8 நொடியைக் கையில் பிடித்தால் அசையும். ஆனால் 1/8 வரை இறங்கியதே எஃப் 22 வைத்ததால்தான். இந்த அளவு சென்சாரில் எஃப் 22 வைத்தால் ஒளி அந்தச் சிறு துளையில் விளிம்பு வளைந்து சிதறி, படம் முழுவதும் மழுங்கும். ட்ரைபாட் இருந்தாலும் மழுங்கும். எஃப் 8க்கு வந்தால் அதே வெளிச்சத்துக்கு 1/60 நொடி கிடைக்கும், 18 மி.மீ.யில் அது கையில் பிடிக்கத் தாராளம். முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் எதுவும் இல்லாதபோது எஃப் 22க்குத் தேவையும் இல்லை. செலவில்லாத தீர்வு இருக்கும்போது செலவுள்ள தீர்வைச் சொல்வது குழுக்களில் அடிக்கடி நடக்கிறது, அதுவும் நல்ல மனதோடுதான்.

ஐந்தாவது கருத்து ஆசிரியருடையது. “சூரியனைப் பெருசா காட்டணும்னு எழுதியிருக்கீங்க. நின்ன இடத்துல அது நடக்காது” என்று தொடங்கி, கணக்கைப் போட்டுக் காட்டினார். சூரியன் நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரைப் பாகை அகலம். லென்ஸின் மி.மீ. அளவை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் விட்டம் கிடைக்கும். 18 மி.மீ.யில் அது 0.16 மி.மீ.; 6,000 பிக்சல் அகலப் படத்தில் சுமார் 42 பிக்சல். 250 மி.மீ.யில் சுமார் 580 பிக்சல். ஆனால் நின்ற இடத்திலேயே நின்று 250 மி.மீ.க்குப் போனால் சிலையும் சேர்ந்தே பெரிதாகும்; இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அரை கிலோமீட்டரில் நின்றால் பீடத்தோடு 133 அடி உயரமுள்ள வள்ளுவர் சிலை, சூரியனைப் போல ஒன்பது மடங்கு உயரமாகத் தெரியும். சிலையும் சூரியனும் ஒரே உயரம் தெரிய வேண்டுமானால் சிலையின் உயரத்தைப் போல 110 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். அது சுமார் நாலரை கிலோமீட்டர். லென்ஸை மாற்றுவதற்கு முன் கால்தான் நகர வேண்டும்.

எந்தப் பக்கம் நகர்வது என்பதும் மாதத்தைப் பொறுத்தது. 8 பாகை அட்சத்தில் உள்ள குமரியில் ஜூன் இறுதியில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை தள்ளி உதிக்கும். டிசம்பர் இறுதியில் தெற்கே 24 பாகை. மொத்தம் 47 பாகைக்கு மேல் ஊசலாட்டம். யாரோ மே மாதம் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் ஜனவரியில் நின்றால் சூரியன் பாறைக்குப் பக்கத்தில்கூட இருக்காது. 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாறைக்கும் சிலைக்கும் நடுவில் முன்பு வெறும் வானம் இருந்தது. பழைய படங்களின் அமைப்பு அந்த இடைவெளியை நம்பியது. இப்போது அங்கே ஒரு வில் வளைவு நிற்கிறது. அதை மறைக்க முயலாமல் படத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

பழகுநர் இரவல் வாங்கிய 55–250 லென்ஸோடு மேற்குக் கரையோரம் நடந்து, மறைப்பில்லாத இடம் தேடி மூன்று காலை செலவிட்டார். முதல் இரண்டு நாள் அடிவானத்தில் மேகத் திரை. சூரியன் மேலே வந்தபோது சிலையைத் தாண்டிவிட்டது. மூன்றாவது நாள் கிடைத்த படத்தில் கடல் மூட்டத்தால் சிலை சாம்பலாகத்தான் நிற்கிறது. ஆனாலும் சூரியன் வட்டமாக, சிலையின் தோளுக்கு மேலே இருக்கிறது. (ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, டெலி லென்ஸால் சூரியனைப் பார்க்கவே கூடாது. லைவ் வியூ (கேமராவின் பின்திரை) மட்டும். அதுவும் செம்மஞ்சள் போய் வெண்மை ஏறியதும் லென்ஸை மூடிவிட வேண்டும்.)

இரண்டாவது படம்: தோவாளைப் பூச்சந்தை

விடியுமுன் எடுத்தது. 55 மி.மீ., எஃப் 5.6, 1/30 நொடி, ஐஎஸ்ஓ 1600. பூ அள்ளும் கைகள் கலங்கியிருக்கின்றன. முகங்களில் பச்சை ஏறியிருக்கிறது. சிவப்பு அரளி ஒரே சிவப்புக் கறையாகிவிட்டது. தோவாளையின் பெயர் சொல்லும் மாணிக்க மாலைக்கு ஆதாரமே அரளிதான். அதன் இதழ் தெரியாத சந்தைப் படம் பாதிப் படம்தான்.

இங்கே கருத்துகள் வேகமாகவும் சரியாகவும் வந்தன. கல்யாண வீட்டு வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் இருந்ததுதான் காரணம். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் துளை எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மேலே வெளிச்சம் தரும். அதே சந்தையில் 1/100 நொடி வைத்தும் ஐஎஸ்ஓவை 500 அளவுக்கு இறக்க முடிந்தது. குழு சொல்லி அவர் வாங்கிய ஒரே பொருள் இந்த லென்ஸ்தான். வாங்குவதற்கு முன்னால் குறை எவ்வளவு என்று எண்ணால் தெரிந்திருந்தது. அதனால் இந்தச் செலவு வீண்போகவில்லை.

1/100 என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் முழு மினுக்கல்கள் அடங்கிவிடும். 1/250, 1/500 என்று போனால், முக்கியமாக எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும். “ஷட்டரை இன்னும் வேகமா வை” என்று ஒரு மாணவர் சொன்ன யோசனை பகல் வெளிச்சத்துக்குச் சரி. பகலுக்கும் சந்தைக்கும் ஒரே மருந்து கிடையாது.

அரளி கறையானதற்கு ஃபோகஸ் காரணமில்லை. பொதுவான ஹிஸ்டோகிராம் நடுவில் சாதுவாக இருக்கும். சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை கேமராவில் திறந்து வைத்து, சிவப்பு ஓரத்தை விட்டு விலகும்வரை எக்ஸ்போஷரை இறக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டாப் போதும். பக்கத்திலுள்ள பிச்சியும் மல்லியும் அப்போது கொஞ்சம் மங்கும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) அதை மீட்டுவிடலாம். வெட்டுப்பட்ட சிவப்பை மீட்க முடியாது.

பச்சை முகம் பாதிதான் சரியானது. ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்பு என்றிருக்கும்போது எந்த ஒயிட் பேலன்ஸும் (விளக்கின் நிறத்தை ஈடுகட்டும் அமைப்பு) இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. ஒரே விளக்கு மட்டும் முகத்தில் படும் கடையைத் தேடிப் போனபோதுதான் அது தீர்ந்தது.

மூன்றாவது படம்: கரமடி

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் படம்தான். ஜனவரிக் காலை, 8 மணி சுமார், 1/500 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 200. அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. இருபது பேர் கயிறு இழுக்கிறார்கள், எல்லோரும் முதுகு காட்டி. படம் கூர்மையாக இருக்கிறது. பார்த்தவர்கள் பாராட்டிவிட்டு அடுத்ததற்குப் போகத் தயாரானார்கள்.

மூத்தவர்தான் நிறுத்தினார். “மடி கரையேறதுக்கு முந்தியே போயிட்டியே மக்களே.”

முன்பின் எடுத்த படங்களைப் பார்த்தபோது அது உண்மை என்று தெரிந்தது. பழகுநர் முப்பத்தைந்து நிமிடத்தில் கிளம்பியிருந்தார். கரமடியில் வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வரும். இரண்டு முனைக் கயிறுகளும் கரையில் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் கரையோரமாக நகர்ந்து ஒன்றை நோக்கி ஒன்று வரும். மீன் அடைந்து கிடக்கும் பையான மடி கடைசியில்தான் கரை தொடும். முழுவதும் முடியச் சில மணி நேரம் ஆகலாம். முதல் அரை மணியில் பார்ப்பவருக்குக் கிடைப்பது முதுகும் கயிறும்தான். முகங்கள் திரும்புவதும், கூட்டங்கள் கலப்பதும், பெண்கள் கூடையோடு வருவதும், மீன் குறைவு என்று தெரிந்த கணத்தில் எல்லோர் முகமும் வாடுவதும் கடைசிக் கால் மணியில் நடப்பவை.

கேமரா பிடிக்கத் தெரியாத ஒருவர் சொன்னது, பிடிக்கத் தெரிந்த ஐவர் சொன்னதைவிடப் பயன்பட்டது. புகைப்படக்காரர்கள் மட்டுமே கூடியிருக்கும் சபையில் பேச்சு கருவியிலும் அமைப்பிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தில் இருக்கும் வேலையைத் தெரிந்த ஒருவரையாவது உட்கார வைக்க வேண்டும்: ரப்பர் வெட்டுபவர், பூ கட்டுபவர், உப்பளத்தில் வேலை செய்பவர். பல குழுக்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

இரண்டாம் முறை பழகுநர் கடைசிவரை நின்றார்; வேறொரு சிக்கல் வந்தது. எல்லோர் தலையையும் அடிவானக் கோடு குறுக்கே வெட்டியது. சமதளத்தில் நின்று எடுத்தால், அருகில் நிற்பவராக இருந்தாலும் தூரத்தில் நிற்பவராக இருந்தாலும், அடிவானம் அவரைக் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். கண்ணுயரத்தில் பிடித்தால் கண் மட்டத்தில் வெட்டும். குந்தி உட்கார்ந்தால் இடுப்பளவுக்கு இறங்கி, தலைகள் வானத்தில் எழும். கரை சரிவானதால் தண்ணீரோரம் நிற்பவர்கள் தாழ்வாக இருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் தாழ வேண்டும், அல்லது ஏற்றிவைத்த வள்ளத்தின் மேல் ஏறி நின்று தலைகள் எல்லாவற்றையும் கடலுக்குள் அடக்க வேண்டும். இரண்டில் ஒன்று, நடுவில் நிற்பதுதான் தவறு.

உப்புச் சாரலும் ஒரு பாடம் கற்பித்தது. லென்ஸில் படிந்ததைச் சட்டைத் துணியால் துடைத்ததில் உப்புப் படலம் இழுபட்டு, எதிர்வெயிலில் எடுத்த நாற்பது படங்கள் புகை மூடியதுபோல ஆயின. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுக்கொண்டால் இந்தத் துடைப்பெல்லாம் லென்ஸ் மேல் நடக்காது.

அனுமதி கேட்பதையும் மூத்தவர்தான் சொல்லிக்கொடுத்தார். 2017 ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த கரைகள் இவை. அந்த நாட்களில் கேமராக்கள் வந்து நின்றதை ஊர் மறக்கவில்லை. முதலில் கயிற்றில் ஒரு கை கொடுத்துவிட்டு, பிறகு கேமராவை எடுத்தால் முகங்கள் இறுகுவதில்லை என்றார். மூன்றாம் முறை பழகுநர் அப்படித்தான் செய்தார். அந்தக் காலைப் படங்களில் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை.

எங்கே தடம் புரண்டது

பிப்ரவரியில் மூன்று வாரம் குழு பயனில்லாமல் போனது. ஒருவர் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கீழிருந்து அண்ணாந்து, தூண்கள் சுருங்கி மேலே போவதாக எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல படம், நிறையப் பாராட்டு. அடுத்த இரண்டு வாரமும் அதே தூண்கள், அதே கோணம், வெவ்வேறு ஆட்கள். 1966இல் எழுந்த அந்தப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, நடைபாதையில் ஆட்கள் நடக்கிறார்கள், கீழே பறளியாறு போகிறது. அதெல்லாம் யார் படத்திலும் இல்லை. குழு எதைப் பாராட்டுகிறதோ அதையே எல்லோரும் எடுக்கத் தொடங்குவது, கூடிக் கற்பதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து என்பது எங்கள் கணிப்பு. மோசமான கருத்தைவிட இது கெடுதல். ஏனென்றால் வளர்வதுபோலவே தோன்றும். ஒரு படம் பாராட்டப்பட்டால் அந்த இடத்தை ஒரு மாதம் யாரும் கொண்டுவரக் கூடாது என்று ஆசிரியர் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு சரிவு, எடிட்டிங்கில் நடந்தது. முதல் குமரிப் படத்துக்கு ஒருவர் வேறு வானத்தை ஒட்டிக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒளி வந்த திசை தவறு. சிலையின் வெளிச்ச ஓரம் ஒரு பக்கம், ஒட்டிய சூரியன் மறுபக்கம். அதைச் சரிசெய்யப் போன இரண்டு மாலைகளில் பழகுநர் கடற்கரைப் பக்கமே போகவில்லை. ‘எடுப்பதற்கு முன்’, ‘எடுக்கும்போது’, ‘எடுத்த பின்’ என்று குறிப்பேட்டில் கருத்துகளை மூன்று பத்தியாக எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மூன்றாம் பத்தி மட்டும் நீண்டுகொண்டே போனால் அந்த வாரப் பேச்சு தப்பான இடத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம்.

ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும்போது பழகுநர் திண்டாடுவதும் இயல்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். அடுத்த முறை போகும்போது செய்து பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறிப்பேட்டில் போட்டு வைத்தார்கள். ஒரே கருத்து ஒருவருக்கு மூன்று முறை வந்தால் அதைத் தனியாகக் கவனித்தார்கள். “சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்” என்பது இந்தப் பழகுநருக்குக் கரமடிக்கு முன்பே இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது: கன்னியாகுமரியில் சூரியன் எழுந்ததும் புறப்பட்டது, தோவாளையில் ஏலம் முடியுமுன் புறப்பட்டது. எழுதி வைத்ததால்தான் மூத்தவரின் ஒரு வரி அவ்வளவு ஆழமாகத் தைத்தது.

மார்ச் மாதப் படம்

கடைசியாக வைத்த கரமடிப் படம் 28 மி.மீ.யில், குந்தி உட்கார்ந்து எடுத்தது. மடி பாதி தண்ணீரில், பாதி மணலில். இடது கூட்டத்திலிருந்து ஒருவர், வலது கூட்டத்திலிருந்து ஒருவர், இருவர் கையும் ஒரே கண்ணியில். வலது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. நடுவில் நிற்பவரின் முகம் எதிர்வெயிலில் கறுத்துவிட்டது. கூடை பற்றி இருவரும் முகம் பற்றி மூவரும் சொன்னார்கள். ஒரு ஸ்டாப் ஏற்றினால் வானம் வெளுக்கும். வெளுக்கட்டும், அங்கே காட்ட ஒன்றுமில்லை என்று முடிவானது.

மூத்தவர் படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்து, மடிக்குள் தெரியும் மீனைப் பார்த்தார். “நெத்திலி. இதுக்கு இன்னைக்கு வெல இருந்திருக்காது” என்றார். பழகுநர் குறிப்பேட்டில் ‘எடுப்பதற்கு முன்’ பத்தியில் எழுதிக்கொண்டார்: அடுத்த முறை ஏலம் வரை நிற்க வேண்டும்.